கரடிக் கையும் கப்பல் முடிச்சும்

கப்பலைக் கட்டுகிறவன் நான். இப்படிச் சொன்னால் பெரிய ஆள் மாதிரி இருக்கும். உண்மையில் கப்பல் தானாகவே வந்து ஜெட்டியோரம் நிற்கும். மேலேயிருந்து ஒருவர் கயிற்றை வீசுவார். நான் அதைப் பிடித்து இழுத்து, முனையிலுள்ள வளையத்தை இரும்புக் குத்துக்கட்டையில் மாட்டுவேன்; வளையமில்லாத கயிறானால் முடிச்சுப் போடுவேன். புறப்படும்போது கழற்றி விடுவேன். எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் லஸ்கர் என்கிற பதவிக்கு இவ்வளவுதான் வேலை. இதைச் செய்தே முதுகு வளைந்தது, முழங்கால் தேய்ந்தது, முன்பல் ஒன்றும் போயிற்று. பல் போனது கயிறு அடித்து என்று வெளியில் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜத்தில் அது கடலைமிட்டாய்.

இப்பேர்ப்பட்டவன், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு கரடி பொம்மைக்குக் கை மாட்டத் தெரியாமல் ஒரு மழைக்காலத்தில் அல்லாடிய கதை இது.

கரடி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் ஜெட்டி வழியாகத்தான். யாரோ சுற்றுலா வந்தவர் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். பழுப்பு நிறம், வெல்வெட் மாதிரித் துணி, மிளகைவிடச் சின்னக் கண். கொஞ்ச நாள் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து வருகிற போகிற கப்பலையெல்லாம் பார்த்தது. ஒருவரும் தேடி வரவில்லை. ஜன்னலைக் கழுவிய அன்று குப்பைக் கூடைக்குப் போக இருந்ததை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மனைவியிடம் கொடுத்தேன். பாவம், பொம்மை கொடுத்து மயக்கும் வயதெல்லாம் எங்களுக்கு எப்போதோ போய்விட்டது. கையில் வேறொன்றும் இல்லாததால் கொடுத்தேன்.

அவள் அதைக் கொஞ்சவில்லை. பிளேடு எடுத்து அக்குளில் அறுத்தாள். நான் பதறிப் போனேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தா பாருங்க, இதுக்கும் நம்மளாட்டம் மூட்டு இருக்கு."

இருந்தது. கையை உடம்போடு சேர்த்துத் தைக்கவில்லை. ஒரே ஒரு நூல் ஒரு கையிலிருந்து கிளம்பி உடம்புக்குள் குறுக்கே ஓடி, அடுத்த கையைப் பிடித்துக்கொண்டு, போன வழியே திரும்பி வந்திருந்தது. அந்த நூலின் இழுப்பில்தான் இரண்டு கையும் உடம்போடு ஒட்டி நின்றன. அதனால்தான் கை சுற்றியது. காலும் அப்படியே. கழுத்தும் அப்படியே.

அவள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் பெற்றோர் சிலோன் மலையிலிருந்து வந்து குடியேறியவர்கள். விடிகாலையில் மரத்தைக் கீறிப் பால் எடுத்த கை அது. கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். அறுத்த கரடியை மூடி வைத்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை அவளே செய்தாள். முதலாவது பன்றி போல இருந்தது. இரண்டாவது என்னைப் போல இருந்தது என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கரடிதான். தையல்கடைகளில் மிஞ்சும் துணித்துண்டுகளை வாங்கி வந்து வெட்டுவாள், உள்பக்கம் வெளியே இருக்கத் தைப்பாள், கொண்டை ஊசியால் புரட்டுவாள், பஞ்சை அரிசி அரிசியாக அடைப்பாள். கடைசியில் மூட்டு. அந்த வேலையின்போது மட்டும் நான் பேசக் கூடாது, டீ கேட்கக் கூடாது, இருமக் கூடாது. அபர்தீன் பஜாரில் சிப்பிச் சாமான் விற்கிற ஒரு கடையில் அவளுடைய கரடிகள் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மிட்டாய் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஜாடி காலியாகும், இவள் நிரப்புவாள்.

எனக்கு இதில் இருந்த லாபம் வேறு. கரடி தைக்கும்போது அவள் என்னைத் திட்ட மாட்டாள், கரடியைத் திட்டுவாள். "சனியனே, நேரா நில்லு" என்று சத்தம் வந்தால் நான் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்காருவேன். அப்புறம்தான் தெரியும், எனக்கில்லை என்று. அந்த நிம்மதியே தனி.

பிறகு காய்ச்சல் வந்தது. கொசு கடித்து வருகிற, மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொள்கிற அந்தக் காய்ச்சல். எங்கள் கோட்டர்ஸ் வரிசையில் பாதிப்பேர் சுவரைப் பிடித்து நடந்தோம். எனக்கும் வந்தது. நான் போட்ட சத்தத்தில் அது பயந்து ஓடிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை, அதனால் அவளிடமே தங்கிவிட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் விரல் கணுக்கள் வீங்கியே இருந்தன. காலையில் கையை மடக்கவே வெந்நீர் வேண்டும். குழம்பைக் கிளறலாம், கத்தரிக்காய் நறுக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு துணி பிழியலாம். மெல்லிய நூலை இரண்டு விரலில் பிடித்து இழுப்பது மட்டும் ஆகவில்லை. கரடிக்கு மூட்டுப் போட்டவளின் மூட்டை ஒரு கொசு வந்து கழற்றிவிட்டுப் போயிருந்தது.

அந்த இழுப்புதான் கரடிக்கு உயிர். நூலை அக்குள் துணி குழிகிற அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் கை தொளதொளவென்று தொங்கும். கரடி 'எனக்கென்ன தெரியும்' என்று தோளைக் குலுக்குகிற மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு ஆள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறேன்.

அவள் சில நாள் முயன்று பார்த்தாள். நூலைப் பல்லால் இழுத்தாள். கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்தாள். ஒருநாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். அவளாகவே சொன்னாள்: "இனி ஏலாதுங்க."

எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் 'முடியாது' என்போம். நான் அந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்கிறவன். என் முடியாதுக்கு வீட்டில் ஒரு மரியாதையும் கிடையாது. அதில் முடி என்று ஒன்று இருப்பதால், முடிச்சுப் போடவோ முடித்து வைக்கவோ எங்கோ கொஞ்சம் இடம் இருப்பதுபோலத் தோன்றும். அவள் தோட்டத்துத் தமிழின் 'ஏலாது' அப்படியில்லை. பிடித்துக்கொள்ள அதில் ஒரு முனையும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அதை நான் கேட்டதும் இல்லை.

சிப்பிகாட் என்கிற ஊரில் அவளுடைய பழைய தோட்டத்து அக்கா ஒருவர் இருக்கிறார். கச்சாலில் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர் தையல் மிஷின் வைத்திருக்கிறார், கூடவே காய்கறியும் போடுகிறார். பெட்டியை அவருக்குக் கொடுத்துவிடப் போவதாகவும், போனில் சொல்லிவிட்டதாகவும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்றும் சொல்லிவிட்டு, மனைவி அரிசி களையப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் ரொம்பக் களைத்திருந்தேன். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் போட் ஓடாது. ஓடாவிட்டால் எல்லோரும் வந்து எங்களைத்தான் கேட்பார்கள், நாங்கள்தான் அலையைக் கட்டிப் போட்டிருப்பதுபோல. நாலு பாஷையில் திட்டு வாங்கியிருந்தேன். படுத்தால் போதும் என்று வந்தவன், படுத்த பிறகு கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி இருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குப் பிறகு சாயங்காலங்களில் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி. தன் பாட்டுக்கு ஓடியது. பெட்டி போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே கரடி நான்தான். அவள் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க நான் அத்தனை அழகும் இல்லை.

ஆகவே திட்டம் போட்டேன். தைப்பது, அடைப்பது எல்லாம் அவளால் மெதுவாகவேனும் முடியும். ஏலாதது இழுப்பு ஒன்றுதான். இழுப்பதற்குத்தானே எனக்குச் சர்க்கார் சம்பளம் தருகிறது? பெட்டிக்குள் கை தனி, கால் தனி, உடம்பு தனியாகச் சில கரடிகள் கிடந்தன. அவற்றில் ஒன்றை நான் நிற்க வைத்துக் காட்டிவிட்டால் போதும், பெட்டி போகாது என்று கணக்குப் போட்டேன்.

நூல்தான் முதல் தடங்கல். அவள் வைத்திருந்த கெட்டி நூல்கண்டு மெயின்லேண்டிலிருந்து வந்தது; காய்ச்சலுக்கு முன்பே தீர்ந்திருந்தது. கடையில் கேட்டால் 'கப்பல் வரட்டும்' என்றார்கள். கப்பல் வருகிற இடத்தில் வேலை செய்கிற என்னிடமே. சரி, கடலுக்கு நடுவில் இருக்கிறவனுக்குக் கடல் நூல் என்று, வண்டூர் போட்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் தங்கூஸ் வாங்கி வந்தேன். தூண்டிலுக்குப் போடுகிற, கண்ணாடி மாதிரி நைலான் நரம்பு. பெரிய பெரிய மீனையே இழுத்து வருவது, பஞ்சுக் கரடியை விட்டுவிடுமா?

அவள் மத்தியானம் தூங்கும்போது வேலையைச் செய்தேன். ஊசி கரடிக்குள் போனதைவிட எனக்குள் போனது அதிகம். இருந்தாலும் இரண்டு கையும் நின்றன. டி.வி. மேல் உட்கார வைத்துவிட்டு, எழுந்து வந்தவளிடம் ஒன்றும் தெரியாதவன்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தாள். கையில் டீ கிளாசோடு கிட்டே போனாள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஹாரன் அடித்தது. கரடியின் வலதுகை கழன்று அவள் டீ கிளாசுக்குள் விழுந்தது.

ஹாரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கிற்று. காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவை. சிரித்து முடித்து, டீயில் நனைந்த கையை எடுத்துப் பிழிந்து, நூலை வெளிச்சத்தில் காட்டினாள். தங்கூஸ் வழுக்குகிற சாதி. முடிச்சுப் போட்டால் நிமிர்ந்து எழுந்துவிடும். அது போதாதென்று இழுத்த இடத்தில் துணியைக் கத்தி மாதிரி அறுத்தும் இருந்தது.

"மீனுக்குத் தோல் போனாப் பரவால்ல," என்றாள். "இதுக்குத் தோல் மட்டுந்தானே இருக்கு."

அதற்குப் பிறகு நூல் பார்க்கிற வேலை எங்கள் இருவருக்கும் பொதுவாயிற்று. பெட்டியைக் கொடுப்பதில் மாற்றமில்லை என்று அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்; அக்காவுக்கு நல்ல நூல் எது என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமே, அதற்காகப் பார்க்கிறாளாம். அவள் பரீட்சை வைப்பாள், நான் எழுதுவேன். நூலின் இரண்டு முனையையும் என் கையில் சுற்றிவிட்டு வெடுக்கென்று இழுக்கச் சொல்வாள். பருத்தி நூல் டப்பென்று அறுந்து நான் நாற்காலியோடு பின்னால் போனேன். அறாமல் நின்றால் துணித்துண்டின் மேல் வைத்து ரம்பம் மாதிரி அறுக்கச் சொல்வாள். துணி கிழிந்தால் தள்ளுபடி. அதிலும் தேறினால் ஒரு முடிச்சுப் போட்டு விரலிடுக்கில் உருட்டச் சொல்வாள்; அவிழ்ந்தால் தள்ளுபடி. கப்பல் கயிற்றைப் பிரித்து ஒரு புரி கொண்டு வந்தேன். அது கரடியின் காலைவிடத் தடியாக இருந்தது. பட்டம் விடுகிற மாஞ்சாவை நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே என்னைப் பார்த்த பார்வையில் அது தள்ளுபடி.

அப்போதுதான் பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல் ஞாபகம் வந்தது. டூரிஸ்ட்டுகள் ஜெட்டியில் நின்று செய்வதைப் பார்த்திருக்கிறேன். மெழுகு பூசி, தட்டையாக, நாடா மாதிரி இருக்கும். அதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தெரியவில்லை. மருந்துக்கடையில் போய், தீவு ஹிந்தியில் 'தாந்த் கா தாகா' என்று கேட்டேன். பல்லுக்கு நூல். கடைக்காரர் வங்காளி, ரொம்ப நல்ல மனிதர். குழந்தைக்குப் பல் முளைக்கிறதா என்று விசாரித்தார். இங்கே தாகா என்றால் முதலில் ஞாபகம் வருவது மந்திரித்துக் கட்டுகிற கயிறுதான். மருந்துக்கடையில் அது கிடைக்காது, எதிரே பூஜைச் சாமான் கடையில் கறுப்புக் கயிறு இருக்கும், கோயிலில் கொடுத்துக் கட்டினால் பல் நோகாமல் வரும் என்று வழியும் காட்டினார். குழந்தைக்கில்லை, எனக்குத்தான் என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். முன்னால் இருக்கும் ஓட்டையையும் பார்த்தார். இந்த வயதில் முளைக்காது என்று மிகவும் பரிவாகச் சொன்னார்.

கடைசியில் கையை வாய்க்கு நேரே வைத்து ஆட்டிக் காட்டிய பிறகு, டூத் பிரஷ்களுக்குப் பின்னாலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா வந்தது.

நூல் மூன்று பரீட்சையிலும் தேறிற்று. அறவில்லை, அறுக்கவில்லை, தட்டையாக இருந்ததால் துணியில் படிந்து உட்கார்ந்தது. ஒரே குறை, புதினா வாசனை. வாசனை பரவாயில்லை என்று மனைவி சொன்னாள். கரடிக்காவது வாய் நாற்றம் இருக்காதே. அதைச் சொல்லும்போது என்னை ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

இனி என்ன தடை? நூல் இருக்கிறது, இழுக்க ஆள் இருக்கிறது. சாயங்காலம் டூட்டியிலிருந்து வந்து, கை கழுவி, மூக்குக்கண்ணாடி போட்டு உட்கார்ந்தேன். கைகளை மாட்டி இழுத்து முடிச்சுப் போட்டேன். நின்றது. கரடியின் கையை ஒரு சுற்றுச் சுற்றினேன். முடிச்சு மூச்சு விடுவதுபோல ஒரு சின்ன அசைவு. கை தொங்கிவிட்டது. மறுபடி போட்டேன். நின்றது, சுற்றினேன், தொங்கிற்று. நூலை மெழுகுவத்தியில் தேய்த்தேன். முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டேன். மறுநாள் சாயங்காலமும் அதே கதை. அதற்கு மறுநாளும். பெரிய முடிச்சானால் அக்குளில் கட்டி வந்ததுபோல் துருத்தும். சின்ன முடிச்சானால் அவிழும்.

வேலையிடத்தில் டீ இடைவேளையிலும் பழகிப் பார்த்தேன். குத்துக்கட்டையில் உட்கார்ந்து, சட்டைப் பித்தான் ஓட்டையில் புதினா நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் சாரங் பார்த்துவிட்டார். லஸ்கர்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. தெலுங்கர், பேசுவது ஹிந்தி. "க்யா ரே, தாந்த் ஸே ஜஹாஸ் பாந்தேகா?" என்றார். பல்லால் கப்பலைக் கட்டப் போகிறாயா என்று. ஜெட்டி முழுக்கச் சிரித்தது. இருக்கிற பல் போதாது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளே சோர்வாக இருந்தது. இந்த வேலையைவிட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது. தெரிந்த இதிலும், கட்டைவிரல் கரடி என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பத்து மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். மனைவி பெட்டியைத் துடைத்து வாசல் பக்கம் வைத்துவிட்டாள். நான் கைலியோடு தரையில் உட்கார்ந்து, கடைசித் தடவையாக என்று அதே கரடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வெந்நீர்ப் பாத்திரத்தில் கை இரண்டையும் விட்டபடி எதிரே உட்கார்ந்திருந்தாள். வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்காப் போடுங்க" என்றாள். போட்டேன். "மெதுவா." மெதுவாகப் போட்டேன். அவள் கையை வெந்நீரிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னாங்க, நீங்க கட்டுறதெல்லாம் அவுக்கிறதுக்குன்னே கட்டுறீங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் என் இடதுகைப் பெருவிரலைக் காட்டினாள். முடிச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில் அந்த விரல் தானாக உள்ளே போய், முனையை ஒரு மடிப்பு மடித்து விட்டுவிட்டு வெளியே வருகிறது. எனக்கே தெரியாமல். பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் கழன்றுவரும்படியாக ஒரு மடிப்பு.

யோசித்துப் பார்த்தால், அதுதானே நான் இத்தனை வருஷமாகச் செய்வது? கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கப்பல் புறப்படும் நேரம் ஒரு தட்டில் கழல வேண்டும். கழலாத முடிச்சுப் போட்டவனைத்தான் எங்கள் வேலையில் முட்டாள் என்பார்கள். கப்பல் கிளம்பி, கயிறு விறைத்து, முடிச்சு இறுகிக்கொண்டால் கோடாலிதான் கதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு முடிச்சுக்காக நான் வாங்கிய அடி இன்னமும் முதுகில் இருக்கிறது. அதற்கப்புறம் என் கை ஒரு முடிச்சையும் முழுதாகப் போட்டதில்லை போலிருக்கிறது. கைலியைக்கூட. இதை அவளிடம் சொன்னபோது, கைலி விஷயம் ஊருக்கே தெரியும் என்றாள்.

தெரிந்துகொண்டதால் ஒன்றும் நடந்துவிடவில்லை. மடிக்காதே என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டே போட்டேன், விரல் மடித்தது. விரலைத் துணியால் சுற்றிப் போட்டேன். பக்கத்து விரல் மடித்தது. சிரிப்பு ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம். கரடியைத் தரையில் வைத்துவிட்டு, "முடியாது புள்ள, பெட்டிய அக்காவே கொண்டு போகட்டும்" என்றேன். சொன்னபோது உண்மையாகவே சொன்னேன். கண்ணெல்லாம் எரிந்தது.

அவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். நூலின் இரண்டு முனையையும் வாங்கினாள். வீங்கின விரலால் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு ஒரு சுற்று, அதே திசையில் இன்னொரு சுற்று. சுற்றுவது மட்டும் அவளால் முடிந்தது, வெந்நீரின் சூடு ஆறும் வரையிலாவது. முனைகளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். தன் சுண்டுவிரல் நகத்தை அந்த இரட்டைச் சுற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஹபீஸ்," என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜெட்டியில் கயிற்றை இழு என்று சாரங் போடுகிற சத்தம் அது. தளர்த்து என்பதற்கு ஆரியா. இந்த இரண்டு வார்த்தையையும் வீட்டுக்குள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் தூக்கத்தில் கத்துவேனாம். கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஆனால் என் கைக்கு அது போதுமானதாக இருந்தது. ஹபீஸ் என்றால் இழுக்கிற கை அது, வேறெதையும் யோசிக்காது. இழுத்தேன். மெல்ல, விறைக்கிற வரை. அக்குளில் துணி குழிந்தது.

"இன்னும் ஹபீஸ். ம். பிடிச்சுக்கங்க. விட்றாதீங்க. பெருவிரல எடுங்க அங்கேர்ந்து."

பெருவிரலை எடுத்தேன். அவள் மேலே எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுப் போட்டாள். மறுபடி ஹபீஸ். நகத்தை எடுத்தாள். முடிச்சு அசையவில்லை. மிஞ்சின முனையை ஊசியில் கோத்து, முடிச்சிருந்த ஓட்டையிலேயே உள்ளே விட்டு, உடம்பின் அடுத்த பக்கம் வெளியே எடுக்கச் சொன்னாள். ஊசி பாதியில் மாட்டிக்கொண்டது. குறடு கொண்டு வந்து கரடியின் இடுப்பிலிருந்து உருவினேன். நூலை இழுத்தபோது முடிச்சு டக்கென்று துணிக்குள் போய் மறைந்தது. அவள் நூலை ஒட்ட வெட்டினாள். மிச்ச முனையும் உள்ளே போய்விட்டது. இனி அவிழ்க்க வேண்டும் என்றாலும் பிடிக்க ஒன்றுமில்லை.

கையைச் சுற்றினேன். சுற்றிற்று, நிறுத்திய இடத்தில் நின்றது. மேலே தூக்கினேன். தூக்கிய இடத்தில் நின்றது, ஜெட்டியில் யாரையோ வழியனுப்புகிற மாதிரி. அவள் வாங்கிப் பலமுறை சுற்றிப் பார்த்தாள். இடதுகையைவிட வலதுகை கொஞ்சம் உயரமாக மாட்டியிருக்கிறது என்றாள். அதை மாட்டினது நான். சனியனே நேரா நில்லு என்றாள். அது எனக்கா கரடிக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா வந்தபோது நாங்கள் இரண்டாவது கரடியின் கழுத்தில் இருந்தோம். அவர் பை நிறையப் பீர்க்கங்காயும் கீரையும், பெட்டியைக் கொண்டு போக இன்னொரு பெரிய காலிப் பையும் எடுத்து வந்திருந்தார். வாசலில் பெட்டியைப் பார்த்தார்; உள்ளே எங்களைப் பார்த்தார். நான் நூலை விறைப்பாகப் பிடித்தபடி தரையில் கிடந்தேன். அவரை வாங்க என்று சொல்லக்கூட வாயில்லை. ஒரு முனை பல்லில் இருந்தது.

"என்ன தங்கச்சி, அண்ணனக் கட்டிப் போட்டுட்டியா?" என்றார்.

மனைவி கழுத்திலிருந்து நகத்தை எடுக்காமல், அக்கா உக்காருங்க, இது முடியட்டும் என்றாள். முடிய வெகுநேரமாயிற்று. வெந்நீர் ஆறிவிட்டதால் நடுவில் நிறுத்திச் சுட வைக்க வேண்டியிருந்தது. வலி வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரியா என்றாள், நான் தளர்த்தினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஹபீஸ். அக்கா தானே எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொம்மைக்கு இவ்வளவு பாடு படுகிற வீட்டை அவர் பார்த்ததில்லை என்றார். நாங்களும்தான்.

சோறு தின்று, பழங்கதை பேசி, அக்கா புறப்படும்போது பெட்டி வாசலிலேயே இருந்தது. அவர் அதைக் காலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். மனைவி அவருக்கு ஒரு கரடி கொடுத்தாள். நான் தனியாகக் கட்டினதில் ஒன்று, கை தொங்குகிறது. எதற்கு இது என்றார் அக்கா. இழுத்தால் கழலும், பிள்ளைகளுக்கு விளையாட நல்லது என்றாள் மனைவி. ஆக, என் கைவேலைக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அக்காவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அப்பாடா என்று கட்டிலில் சாய்ந்தேன். முதுகு கட்டிலைத் தொட்டும் தொடாமலும், சமையலறையிலிருந்து அவள் கேட்டாள்: "நாளைக்கு டூட்டி எத்தன மணிக்கு முடியும்?"

நான் தூங்கிவிட்டதுபோலக் கிடந்தேன்.

"வர்றப்போ அந்தப் பல்லு நூல் இன்னொரு டப்பா வாங்கிட்டு வாங்க. ஜாடி காலியாக் கெடக்காம்."

ஜெட்டியில் ஒரு சாரங், வீட்டில் ஒரு சாரங். பகலெல்லாம் கழல்கிற முடிச்சு, சாயங்காலமானால் கழலாத முடிச்சு. ஓய்வு பெற்ற பிறகு காலை நீட்டிப் படுக்கலாம் என்று நான் வைத்திருந்த ஒரே ஒரு திட்டமும் அத்தோடு போயிற்று. மறுநாள் மருந்துக்கடைக்காரர் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, என் வாயை எட்டிப் பார்த்து, முளைத்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.